கடைசி வரிசைப் பொதிகள்

தீயணைப்புத் தொண்டர் படையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். தைரியத்தைப் பற்றிப் பேசுங்கள் அண்ணாச்சி என்றார்கள். தைரியம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டால் சொந்தப் பிழைப்பையும் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அந்தச் சொல்லை ஒரு சாயங்காலம் நான் சொல்லவில்லை. சூசை என்று ஒருவன் அதனால் செத்துப்போனான்.

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டாத காலம். கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். இங்கிருந்து சரக்கைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் அப்போது கடற்கரை ஓரத்துப் பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில், அதாவது சரக்குக் கிடங்கில், மேஸ்திரி. பொதி அடுக்குவது, இறக்குவது, ஏற்றுவது எல்லாம் என் ஆட்கள். வயது முப்பத்து நாலு.

தீயணைப்பு நிலையத்தில் அன்று ஒரே ஒரு வண்டி. ஆட்களும் குறைவு. எழுபத்தொன்றில் நடந்த சண்டைக் காலத்தில் ஊரில் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தோமே, அந்தப் பயம் போன கையோடு, 'துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஆட்கள் கொஞ்சப் பேர் வாருங்கள். மணி அடித்தால் வந்தால் போதும்' என்று கேட்டார்கள். ஒரு ஆசாரி, ஒரு சலவைக்காரர், உப்பளத்து ஆள் இரண்டு பேர், நான். காக்கிச் சட்டையும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். கையுறை மட்டும் ஐந்து பேருக்கு ஒரு ஜோடி.

சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் போய் நின்றேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இங்கேருங்க, வீட்டு அடுப்ப ஊதச் சொன்னா இருமல் வருதுன்னு ஓடுத மனுசன், ஊரு தீயை அணைக்கப் போறீயளாக்கும்!" என்றாள். ஆனாலும் மறுநாள் அந்தச் சட்டைக்கு அவளேதான் கஞ்சி போட்டுத் தேய்த்தாள்.

எங்களைக் கூப்பிட இப்போது போல் செல்போன் கிடையாது. கோயில் மணிதான். எங்கள் பக்கம் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வோம். விட்டு விட்டு அடித்தால் பூசை. ஒன்றொன்றாய் இழுத்து அடித்தால் சாவு. மூச்சுவிடாமல் அடித்தால் தீ. கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அதுதான் சட்டம். ஆசாரி ஒருமுறை பாதி அறுத்த கதவை அந்தரத்தில் தொங்கவிட்டு வந்துவிட்டார்.

என் முதல் தீயில் நான் செய்த வீரச்செயலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கருப்பட்டிக் கடை. மற்றவர்கள் முன்னால் போய் நிற்கிறார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை. "தண்ணி! தண்ணி!" என்று கத்துகிறார்கள். நானும் சேர்ந்து கத்துகிறேன். கூட்டத்தில் இருந்த மீன்காரி ஒருத்தி, "ஏ தொப்பிக்காரரே, நீரு ஏறி நிக்குதது தண்ணிக் குழாய் மேலல்லா!" என்றாள். ஊரே சிரித்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை. அன்று ஒரு கடையோடு போயிற்று.

நிலைய அதிகாரி என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். எங்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அணைத்து முடித்து நாங்கள் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் எரிந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். "என்ன சார் தேடுதீய?" என்று கேட்டால், "இன்னும் போகாம இருக்கறதத் தேடறேண்ணே" என்பார். தீயையும் பகையையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் வாய்ப்பாடாகத் தெரியும். தெரிந்ததைக் குனிந்து பார்க்கிற ஆளாக அவரைத்தான் நான் கண்டேன்.

இனி சூசை. தோணி ஓட்டுகிறவனைத் தண்டல் என்போம். எங்கள் கிட்டங்கிப் பஞ்சைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் தோணிக்கு சூசைதான் தண்டல். என் வயதுதான். அவன் பரம்பரை முழுக்க உப்புத் தண்ணீர். நான் கொற்கைக்காரன், வயக்காட்டில் பிறந்தவன். அது போதும் அவனுக்கு.

"ஏலே மேஸ்திரி, ஒங்க ஊருல ஒரு காலத்துல கப்பல் வந்துச்சாமே? கடலு ஏம்லே ஒங்க ஊர விட்டு ஓடிப்போச்சி?"

"நீயே சொல்லு."

"ஒங்க மூஞ்சியப் பாத்துப் பயந்துதாம்லே!"

இப்படியே ஒரு நாள் விடாமல் நடக்கும். வேலையில் மட்டும் விளையாட மாட்டான். தோணியில் சமையலுக்கு ஒரு இரும்பு அடுப்பு இருக்கும். மணல் போட்ட பெட்டியில் உட்கார்ந்திருக்கும். பஞ்சு ஏற்றுகிற அன்று அந்த அடுப்பைத் தூக்கிக் கரையில் இறக்கினால்தான் முதல் பொதியைத் தொடவே விடுவான். தலைச்சுமையாக அதை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். அன்று எல்லோருக்கும் பழஞ்சோறும் கருவாடும். அவன் ஆட்கள் முணுமுணுப்பார்கள். "பஞ்சையும் நெருப்பையும் ஒரே பாயில படுக்க வைக்கச் சொல்லுதியாலே? அப்பொறம் பேறுகாலம் யாரு பாக்க?" என்று வாயை அடைத்துவிடுவான். மற்றத் தண்டல்கள் இப்படிச் செய்யவில்லை. அடுப்பை அணைத்தால் போதும் என்று இருந்தார்கள். அதனால் இந்த வழக்கம் அவன் வீட்டுக்கும் தோணிக்கும் வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

அந்த வருடம் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கத் தொடங்கிய நாளில் எங்கள் கிட்டங்கியிலேயே தீப் பிடித்தது. பகல் நேரம். வண்டி உடனே வந்ததால் ஒரு பக்கத்தோடு நின்றது. எரிந்தவற்றைக் கழித்துவிட்டோம். பக்கத்தில் அடுக்கியிருந்த நாற்பத்திரண்டு பொதிகள் பார்க்க நன்றாக இருந்தன. சாக்கில் ஒரு கருப்புப் பொட்டுகூட இல்லை.

நன்றாக இருந்ததுதான் ஆபத்து. பஞ்சுப் பொதியை இயந்திரத்தில் நெருக்கி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு பொறி உள்ளே போய்விட்டால் போதும். புகை வராது, வாசனை வராது. புழு மாதிரி அரித்துக்கொண்டே போகும். நாள் கணக்கில் கிடந்துவிட்டு, காற்றுப் பட்டதும் எழுந்திருக்கும். அதிகாரி நாற்பத்திரண்டையும் வெட்டவெளி முற்றத்தில் மூன்று வரிசையாக வைக்கச் சொன்னார். வரிசைக்குப் பதினாலு. பத்து நாள் கழியாமல் ஒன்றையும் அசைக்கக் கூடாது. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். "அண்ணே, நீங்க அங்கயும் ஆளு, இங்கயும் ஆளு. உங்க கைதான் சரி" என்றார்.

சோதனை பெரிய வித்தை இல்லை. கூரான இரும்புக் கம்பியைப் பொதியின் நடுவரை குத்தி இறக்க வேண்டும். நூறு எண்ண வேண்டும். உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தீ இருந்தால் கம்பி சொல்லும். முதல் மூன்று நாளில் கம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. பயம் விட்டுப்போகிற அளவுக்கு எல்லாம் ஆறிக் கிடந்தது.

பத்தாம் நாள் பிற்பகல். கப்பல் மறுநாள் புறப்படுகிறது, நாற்பத்திரண்டும் அன்று சாயங்காலமே தோணியில் ஏற வேண்டும் என்று கம்பெனி கிளார்க் காலையிலிருந்து என் பின்னாலேயே நடந்தார். கடைசிச் சோதனையைத் தொடங்கினேன். முதல் வரிசை ஆறியிருந்தது. இரண்டாம் வரிசையும் ஆறியிருந்தது. மூன்றாம் வரிசைக்குக் கம்பியைத் தூக்கினேன். மணி அடித்தது. மூச்சுவிடாமல் அடித்தது.

கம்பியைக் கீழே போட்டேன். ஓடினேன். அதில் தப்பு இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் ஓடுவேன்.

மீனவர் தெருவில் ஓலைக் குடிசைகள். கச்சான் காற்றில் ஓலைக்குச் சொல்லவா வேண்டும். நடுவே தகரம் போட்டிருந்த ஒரு குடிசையின் கூரை சரிந்து வாசலை அடைத்துவிட்டது. உள்ளே நிறைமாசக்காரி ஒருத்தி. அவள் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. கையுறை சலவைக்காரரிடம் இருந்தது. அவர் தெருவின் அந்தக் கோடியில். நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து இழுத்தேன். கூரை வந்தது. அதோடு என் உள்ளங்கைத் தோலும் வந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். நாலு நாளில் அவளுக்குப் பிள்ளையும் பிறந்தது. தெருவே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஒருத்தர் சோடா உடைத்து வாயில் ஊற்றுகிறார், ஒரு வயதான பாட்டா என் தலையில் கை வைத்து செபம் சொல்கிறார். கம்பவுண்டர் மருந்து தடவித் துணி சுற்றினார். "வீட்டுக்குப் போங்கண்ணே, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் அதிகாரி. கிட்டங்கியில் மீதிச் சோதனை நிற்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார். நானே போனேன். கடமை தவறாதவன் என்று பேர் வாங்கும் ஆசை அன்று எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

முற்றத்தில் எனக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. என் ஆட்கள் முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். கிளார்க் நாற்காலி போட்டார். சூசை அடுப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்து, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, கொற்கைக்காரன் தீக்குள்ள கைய வுட்டுட்டானாம்லா! இனி கடலு திரும்பி வந்துரும்லே ஒங்க ஊருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"கடைசி வரிசைதானே மேஸ்திரி? சட்டுனு பாத்துருங்க. வெளிச்சம் போறதுக்குள்ள ஏத்திரணும்" என்றார் கிளார்க்.

வலது கைத் துணியை அவிழ்த்தேன். ஒருவன் கம்பியைக் குத்தினான். நூறு எண்ணினேன். உருவி என் உள்ளங்கையில் வைத்தான்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் கை தானே எரிந்துகொண்டிருந்தது. தோல் போன இடம் தணலாய்க் கொதிக்கிறது, சுற்றிலும் மரத்துக் கிடக்கிறது. கம்பி சுடுகிறதா, கை சுடுகிறதா? எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது பொதிக்கும் தெரியவில்லை. மூன்றாவதுக்கும் தெரியவில்லை. பதினாலு பொதிக்கும் கம்பி போய்ப் போய் வந்தது. பதினாலு தடவையும் என் கை ஒரே பதிலைத்தான் சொன்னது.

என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பதையெல்லாம் நான் நினைத்து முடித்துவிட்டேன். கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்திருக்கலாம். சூசையே தொட்டுப் பார்த்திருப்பான். ஒரு வார்த்தை போதும். ஆனால் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சற்று முன்தான் கை தட்டியிருக்கிறார்கள். தீயைக் கையால் பிடித்து இழுத்தவன், கம்பி சுடுகிறதா என்று தெரியாமல் முழிக்கிறான் என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

சூசை கேட்டான். "தொட்டாச்சாலே?"

"தொட்டாச்சு."

"ஆறிருச்சா?"

"ஆறிருச்சு."

"நீ சொன்னா சரிதாம்லே" என்று துண்டை உதறித் தலையில் கட்டினான். "ஏலே, ஏத்துங்கடே!"

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்னே தோணி பாய் விரித்தது. கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. கப்பலுக்குப் போக அதைவிட நல்ல காற்று கிடையாது. உள்ளே கிடக்கும் பொறியை எழுப்பவும் அதைவிட நல்ல காற்று கிடையாது. நான் வீட்டில் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது.

கடற்கரையில் ஊர் கூடிவிட்டது. தூரத்தில் ஒரு பாய். அதன் கீழே வெள்ளைப் புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. எங்கள் வண்டி மணலில் வந்து நின்றது. அதிகாரி இறங்கிக் கடலைப் பார்த்தார். பிறகு வண்டியில் சுற்றி வைத்திருந்த குழாயைப் பார்த்தார். உலகத்துத் தண்ணீரெல்லாம் எதிரே கிடக்கிறது, எங்கள் குழாய் அலை நுனிவரைக்கும்தான் எட்டும். கூட்டத்தில் ஒருவன், "என்னத்துக்குலே நிக்கியோ? பீச்சுங்கலே!" என்று அழுதுகொண்டே கத்தினான்.  கைப்பம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு வள்ளத்தில் ஏறினோம். எனக்குத் துடுப்புப் பிடிக்கக் கை இல்லை. பாரமாக உட்கார்ந்து போனேன்.

பாதி வழியில் எதிரே வந்த தோணி ஒன்றில் சூசையின் ஆட்கள் நாலு பேரும் நனைந்து கிடந்தார்கள். அவர்கள் சொல்லித்தான் தெரியும். புகை அடியிலிருந்து வந்திருக்கிறது. மேல் பொதிகளைப் புரட்டியதும் குப்பென்று பிடித்துவிட்டது. கப்பல் கிட்டத்தில் இருந்தது. அதன் விலாவில் ஏழெட்டுத் தோணிகள் கட்டிக் கிடந்தன. காற்று நேரே அங்கேதான் தள்ளிக்கொண்டு போனது. சூசை நாலு பேரையும் குதிக்கச் சொல்லிவிட்டுத் தோணியைத் திருப்பியிருக்கிறான். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் அது மறுபடி காற்றோடு வளைந்துவிடும். யாராவது சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் பிடித்துக்கொண்டே இருந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மட்டத்துக்கு மேலே தோணி என்று ஒன்றும் இல்லை. கருகிய பஞ்சு திட்டுத்திட்டாக மிதந்தது. அதில் சில இன்னும் புகைந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்து அவனைக் கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. மணி ஒன்றொன்றாய் இழுத்து அடித்தது.

விசாரணை நடந்தது. தோணியில் அடுப்புப் பற்றவைத்திருப்பார்கள் என்றார் கம்பெனி கிளார்க். பொதிகள் பத்து நாள் சோதித்தவை, தீயணைப்பு ஆளே தொட்டுப் பார்த்தது என்றார். பிழைத்தவர்களில் ஒருவன், அடுப்பே இல்லை என்று சொன்னான். செத்த தண்டலுக்காகச் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்கள். செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான். அதிகாரி என்னைக் கேட்டார். "அண்ணே, எல்லாத்தையும் தொட்டுப் பாத்தீங்கல்ல?" "பாத்தேன் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நிறைமாசக்காரியின் அண்ணன் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தான். கையைப் பார்த்து 'உச்' கொட்டினார்கள். என் வீட்டுக்காரிக்கு மட்டும் ஏதோ தட்டியிருக்கிறது. "இங்கேருங்க, நெருப்புன்னா வாய் வெந்துருமாம்பாவ. ஒங்களுக்குக் கை வெந்ததுல வாயும் சேந்து வெந்துபோச்சா? மூணு நாளா ஒரு பேச்சக் காணோம்" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன்.

நாலாம் நாள் காலையில் சூசையின் பெண்டாட்டி சவேரியம்மா வந்தாள். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் தோணி அடுப்பு. வாசலில் இறக்கி வைத்தாள். மணல் இன்னும் அதன் காலில் ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. இது எங்க வீட்டுல கெடக்கு. இது எங்க வீட்டுல கெடந்தா, தோணில எந்த அடுப்ப அவுக பத்தவச்சாக?"

என் வீட்டுக்காரி அவளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை.

"தோணியக் கொளுத்துன தண்டல்னு சொல்லுதாவ அண்ணாச்சி. கோயில்ல எம் பக்கத்துல ஒருத்திகூட முட்டுக்கால் போடல்ல. செத்தது செத்தாச்சி, அத நான் கேக்க வரல்ல. அவுக பேரு மேல அந்தத் தீ இருக்கக் கூடாது. நீங்க அந்த ஆபீசரு ஆளு. நான் சொன்னா அழுத பொம்பள பேச்சும்பாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. இத அவருக்கிட்டக் காட்டிச் சொல்லுவீங்களா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. உதவி கேட்டு வந்திருக்கிறாள், அதுவும் என்னிடம். அந்த இடத்திலேயே அவள் காதில் சொல்லியிருக்கலாம்.  எழுந்தேன். கட்டுப் போட்ட இரண்டு கையாலும் அடுப்பை அணைத்துத் தூக்கினேன். "குடுங்க அண்ணாச்சி, கை நோவும்" என்றாள். கொடுக்கவில்லை. கடைத்தெரு வழியாக நிலையம்வரை அவள் பின்னால் வர, நான் முன்னால் போனேன்.

அதிகாரியின் மேசைமேல் அடுப்பை வைத்தேன். என் தொப்பியையும் எடுத்து வந்திருந்தேன், அதையும் பக்கத்தில் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். இரண்டு வரிசை தொட்டது, மணி அடித்தது, தகரம், துணியை அவிழ்த்தது, கம்பி, கை ஒன்றும் சொல்லாதது, 'ஆறிருச்சு' என்று நான் சொன்னது. ஒன்றும் விடவில்லை. சவேரியம்மா வாசற்படி ஓரத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை நான் அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அது நடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.  அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? அவுக இன்னொரு நா பொறுத்திருப்பாகளே."

நான் சொல்லாமல் விட்ட சொல் அதுதான். தெரியலை. நாலு எழுத்து.

அவள் மேசையருகே வந்தாள். அடுப்பைத் தூக்கிச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதிகாரி எழுதியதைக் கிழித்துப் புதிதாக எழுதினார். காரணம் பொதிகளில் மிச்சமிருந்த தீ என்றும், சோதித்தவர் கை பழுதுபட்டிருந்தும் அதைச் சொல்லவில்லை என்றும் எழுதிப் படித்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனம் கலையும்முன் கோயில் வாசலில் நின்று நானே என் வாயால் அதைச் சொன்னேன். என்மேல் ஒரு கல் விழவில்லை. ஒருத்தரும் என்னைப் பார்க்காமல் கலைந்துபோனார்கள். கிட்டங்கியில் வேலை போயிற்று. போக வேண்டியதுதான். பிறகு நெடுநாள் உப்பளத்தில் மூட்டை தூக்கினேன்.

தொப்பியை மட்டும் அதிகாரி திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது பிடிபடவில்லை. "எதுக்கு சார் இனி?" என்றேன்.

"மணி அடிச்சா வாங்கண்ணே. ஆள் பத்தல" என்றார். எழுதியதை மடித்து வைத்துவிட்டு, "ஆனா உங்க ஒரு கைய இனிமே நான் நம்ப மாட்டேன். என் கையையும் நம்ப மாட்டேன். உங்க கைதான் சரின்னு அன்னைக்கு நான் சொன்னதுலயும் தப்பு இருக்கு. இனிமே எத அணைச்சாலும் ரெண்டு பேர் தொடணும். தனித்தனியாத் தொட்டு, தனித்தனியாச் சொல்லணும்" என்றார்.

போன வாரப் பயிற்சியில், ஆறிய குப்பைமேட்டை இரண்டு பேர் எதற்காகத் தொட வேண்டும், நேரம்தானே வீண் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். வழக்கம் அப்படி என்று யாரோ பதில் சொன்னார்கள். அது இப்படி வந்த வழக்கம். நீறு பூத்த நெருப்பு என்று படித்திருப்பீர்கள். சாம்பலுக்குக் கீழே இருப்பதை ஊதினால் தெரிந்துவிடும். ஆளுக்குள்ளே பூத்துக் கிடக்கும் கௌரவத்தை ஊதிப் பார்க்க முடியாது. அதனால் இரண்டாவது கை.

இன்னும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஐந்தாறு வருடம் கழிந்திருக்கும். புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையிலேயே கட்டத் தொடங்கிவிட்டன. ஒரு முற்பகலில் மணி அடித்தது. சவேரியம்மா இருந்த தெரு. அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வலைகள் போட்டு வைத்த கொட்டகை. சின்னத் தீதான், வண்டி வருமுன்னே குடத்துத் தண்ணீரிலேயே அடங்கிவிட்டது. நானும் சலவைக்காரரும் உள்ளே போனோம். அவள் வீட்டுக்கும் கொட்டகைக்கும் பொதுவாக ஒரு பனங்கட்டை உத்தரம். கருகியிருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"அண்ணாச்சி."

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அஞ்சாறு வருடத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க தொட வேண்டாம். அவரு தொடட்டும்."

கையை இழுத்துக்கொண்டேன். என் உள்ளங்கையில் தோல் எப்போதோ வளர்ந்துவிட்டது, சூடும் குளிரும் நன்றாகவே தெரியும். அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை?

சலவைக்காரருக்குப் பழைய கதை முழுவதும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வழக்கம்தான். உத்தரத்தில் கை வைக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேஸ்திரி, ஆறிருச்சா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியல. நீரு தொட்டுப் பாத்துச் சொல்லும்" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் வீட்டுக்குள் போனாள்.